கையெழுத்துப் போடுவதற்கு முன் 401கே பற்றிக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளின் விவாகரத்து பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். நகை, சீர்வரிசை, குழந்தை யாரிடம் இருப்பது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தராமல் இழுத்தடிப்பது என்று பலதையும் அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் சம்பாதிக்கும் ஒரு குடும்பத்தின் சொத்தில் வீட்டுக்கு அடுத்தபடியாக, சில குடும்பங்களில் வீட்டையும் விடப் பெரியதாக இருக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணி ஓய்வு பெறும் வரை நியூ ஜெர்சியில், நிறுவனங்களின் ஓய்வூதியத் திட்டங்களை நிர்வகிக்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். விவாகரத்து வழக்குகளில் நீதிமன்றங்கள் அனுப்பும் உத்தரவுகளைப் படித்து, இதன்படி பணத்தைப் பிரிக்கலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் என் வேலை. யாருடைய அடையாளமும் தெரியாதபடி, அந்த மேஜையில் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்கத் தனியார் நிறுவன ஊழியர்கள் பெரும்பாலும் 401கே கணக்கில் சேமிக்கிறார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி பிடிப்பார்கள், நிறுவனமும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடும். நம் ஊர் பி.எஃப். மாதிரிதான், ஆனால் பணம் பெரும்பாலும் பங்குச் சந்தையில் இருக்கும். கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும். கூட்டுக் கணக்கு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் திருமணத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த தொகையை அங்குள்ள மாநிலச் சட்டங்கள் குடும்பச் சொத்தாகவே பார்க்கின்றன. கலிஃபோர்னியா, டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் அது இருவருக்கும் பொதுச் சொத்து. நியூ ஜெர்சி, நியூயார்க் மாதிரி மாநிலங்களில் நீதிமன்றம் நியாயம் பார்த்துப் பிரிக்கும்.

சரி, பங்கு உண்டு என்று நீதிபதி சொன்னால் பணம் வந்துவிடுமா? வராது. 1974இல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டம், தொழிலாளியின் ஓய்வூதியப் பணத்தை வேறு எவரும் தொட முடியாதபடி பூட்டி வைத்தது. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தின் 10ஆம் பிரிவு அந்தப் பணத்தை ஜப்தி செய்ய விடாமல் காப்பதைப் போன்ற ஏற்பாடு. கடன்காரனிடமிருந்து தொழிலாளியைக் காப்பதற்காகப் போட்ட பூட்டு, வீட்டை நடத்திக்கொண்டிருந்த மனைவியையும் வெளியே நிறுத்திவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1984இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டு துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோ இதற்காகப் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று உழைத்தவர். அந்தத் திருத்தம் ஒரே ஒரு சாவியைக் கொடுத்தது. அதன் பெயர் க்யூடிஆர்ஓ. அலுவலகத்தில் 'குவாட்ரோ' என்போம். விவாகரத்துத் தீர்ப்பைத் தவிர, வழக்கமாக நீதிபதி தனியாகக் கையெழுத்திடும் இன்னொரு உத்தரவு இது. இது வந்து, ஓய்வூதியத் திட்ட நிர்வாகம் படித்துச் சரியென்று ஒப்புக்கொண்டால்தான் பணம் பிரியும். இது வராத வரை தீர்ப்பில் "பாதி மனைவிக்கு" என்று எழுதியிருந்தாலும் நாங்கள் ஒரு சென்ட்கூட நகர்த்த மாட்டோம், நகர்த்தவும் முடியாது.

இப்போது நம் வாசகர்களுக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த உத்தரவு அமெரிக்க மாநிலம் ஒன்றின் குடும்பச் சட்டப்படி பிறப்பிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சென்னையிலோ கோவையிலோ உள்ள குடும்பநல நீதிமன்றம், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி இருவர் சம்மதத்தோடு விவாகரத்து கொடுக்கும்போது, "401கே-யில் பாதியை மனைவிக்குக் கொடுக்க வேண்டும்" என்று தெளிவாக எழுதினாலும் அந்தத் தீர்ப்பை மட்டும் வைத்துத் திட்ட நிர்வாகம் பணத்தைப் பிரிக்காது. கணவரே மனப்பூர்வமாகச் சம்மதித்தாலும் பிரிக்காது. அமெரிக்க மாநில நீதிமன்றம் ஒன்றின் உத்தரவு வேண்டும்.

நம் ஊரில் பலருக்கு இது தெரியவில்லை, வக்கீல்கள் பலருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. இந்தியச் சட்டத்தில் பொதுவாகக் கணவன் மனைவி சொத்தைப் பாதியாகப் பிரிக்கும் வழக்கம் கிடையாது. ஜீவனாம்சம், இல்லாவிட்டால் ஒரே தவணையில் ஒரு தொகை, அதோடு முடிந்துவிடும். அந்தப் பழக்கத்திலேயே அமெரிக்க வழக்கையும் முடித்துவிடுகிறார்கள்.

என் நாத்தனார் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவள் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். கோவையில் வங்கி வேலையில் இருந்தவள், கல்யாணமானதும் வேலையை விட்டுவிட்டு, வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் ஜெர்சி சிட்டிக்குப் போனாள். அப்போது எச்-4 விசாவில் போகும் மனைவி வேலை பார்க்கவே முடியாது. 2015க்குப் பிறகுதான், அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால், வேலை அனுமதி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் அவளுக்குக் குழந்தை. அவர் சம்பளத்தில் 401கே வளர்ந்தது, இவள் பெயரில் ஒரு டாலர் சேமிப்பு இல்லை. பின்னாளில் ஒத்துவரவில்லை, பிரிந்து கோவைக்கு வந்துவிட்டாள்.

வக்கீல் தயாரித்த சம்மத மனுவை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார்கள், "அத்தை, ஒரு தடவை பாருங்க" என்று. நகைப் பட்டியல் ஒன்றரைப் பக்கம். ஒட்டியாணம் எத்தனை சவரன், நெக்லஸ் எத்தனை சவரன் என்று கிராம் வரைக்கும் எழுதியிருந்தது. ஒரே தவணையில் முப்பது லட்சம். கடைசிப் பத்தியில், "இதற்கு மேல் ஒருவர்மீது ஒருவர் இந்தியாவிலோ வெளிநாட்டிலோ எந்த உரிமையும் பாத்தியதையும் கோர மாட்டோம்" என்று ஒரு வாசகம். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 401கே-யில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். நாத்தனாருக்கும் தெரியவில்லை, பெண்ணுக்கும் தெரியவில்லை, வக்கீல் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டபோது அவர் மறைக்காமல் காலாண்டு அறிக்கையை அனுப்பிவைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தது மட்டும் 2,10,000 டாலருக்கு மேல். அதில் பாதி என்றாலே முப்பது லட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அவரும் இதை யோசித்துப் பார்த்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குடும்பத்தில் வில்லன் யாரும் இல்லை.

மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். அவர் நியூ ஜெர்சியில் நிரந்தரமாக வசிப்பதால் அங்கேயே வழக்குப் போட்டார்கள், சமாதானமாகத்தான். விவாகரத்து வக்கீல் ஒருவரும், குவாட்ரோ எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கும் வக்கீல் இன்னொருவரும் தேவைப்பட்டார்கள். "எதற்கு ரெண்டு வக்கீல், ரெண்டு செலவு?" என்று நாத்தனார் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன்.

சம்பந்தப்பட்ட திட்டத்தின் முழுப் பெயர், இருவரின் பெயர், முகவரி, எவ்வளவு தொகை அல்லது எத்தனை சதவீதம், எத்தனை தவணை அல்லது எந்தக் காலத்துக்கு என்பதெல்லாம் குவாட்ரோவில் இருந்தே ஆக வேண்டும். திட்டத்தில் இல்லாத சலுகையைக் கேட்கக் கூடாது. கேட்டால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நல்ல பேர் வாங்கிய குடும்ப வக்கீல்கள் எழுதிய எத்தனையோ உத்தரவுகளில் "கணவரின் ஓய்வூதியக் கணக்கில் பாதி" என்று மட்டும் இருக்கும். எந்தக் கணக்கு? அவர் மூன்று நிறுவனங்களில் வேலை பார்த்திருப்பார், மூன்றிலும் கணக்கு இருக்கும். அதில் ஒரு நிறுவனத்தை வேறொன்று வாங்கி, திட்டத்தின் பெயரே மாறியிருக்கும். சர்வே எண்ணும் நான்கு எல்லையும் இல்லாமல் கிரையப் பத்திரம் கொண்டு போனால் சார்பதிவாளர் என்ன சொல்வாரோ, அதைத்தான் நாங்களும் சொல்வோம்.

அது எளிதில் திருத்தக்கூடிய பிழை. ஒழுங்காக எழுதி, எங்களால் ஏற்றுக்கொள்ளவும்பட்டு, ஒரு தரப்புக்குப் பெரும் நஷ்டத்தைக் கொடுத்துவிடும் உத்தரவுகள்தான் எனக்கு வேதனையாக இருக்கும். 2020 பிப்ரவரியில் கணக்கில் 2,40,000 டாலர் இருந்தது என்று வையுங்கள். மனைவிக்குப் பாதி என்பதை வக்கீல் "1,20,000 டாலர்" என்று நிலையான தொகையாக எழுதிவிட்டார். லாப நஷ்டம் யாருக்கு என்று எழுதவில்லை. மார்ச் மூன்றாவது வாரம் தாண்டுவதற்குள் அமெரிக்கச் சந்தை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. கணக்கு சுமார் 1,60,000 ஆகிவிட்டது. உத்தரவுப்படி மனைவிக்கு 1,20,000 போனால் கணவருக்கு மிஞ்சுவது 40,000. சந்தை ஏறும் ஆண்டாக இருந்தால் இதே வாசகம் மனைவியின் தலையில் விடியும். "இன்ன தேதியில் இருந்த தொகையில் பாதி, அன்றிலிருந்து பிரிக்கும் நாள் வரையான லாப நஷ்டத்தோடு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

401கே-யிலிருந்து கணவர் கடன் வாங்கியிருந்தால் பாதி என்பது கடனைக் கழித்தா கழிக்காமலா என்பது இன்னொரு சிக்கல். மாதாமாதம் வரும் பழைய பாணி ஓய்வூதியம் என்றால் இன்னும் கவனம் தேவை. கணவர் முதலில் இறந்துவிட்டால் முன்னாள் மனைவிக்கு என்ன கிடைக்கும் என்பதை உத்தரவில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பல நேரங்களில் அவர் மூச்சு நிற்கும் நாளோடு இவள் பங்கும் நின்றுவிடும். திட்ட நிர்வாகங்கள் மாதிரிப் படிவம் ஒன்றைத் தாமே கொடுப்பதுண்டு. அது நிர்வாகத்துக்கு வேலையைச் சுலபமாக்க எழுதியது. யாருக்கு எது நல்லது என்று அது சொல்லாது. நாங்களும் சொல்லக் கூடாது. நான் ஃபோனில் எத்தனையோ பெண்களிடம், "மேடம், நாங்கள் சட்ட ஆலோசனை தர முடியாது, ஒரு வக்கீலைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கிறேன். அவள் எதை இழக்கப் போகிறாள் என்பது என் கண் முன்னால் காகிதத்தில் இருக்கும்.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டு, இந்த உத்தரவை மறந்துவிடுகிறார்கள். தீர்ப்பு வந்த நாளோடு மனைவி என்ற உரிமை போய்விடுகிறது. குவாட்ரோ வரும் வரை முன்னாள் மனைவி என்ற உரிமையும் வரவில்லை. இந்த இடைவெளியில் அவர் வேலை மாறிப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றலாம், மறுமணம் செய்யலாம், இறந்தும் போகலாம். இறந்த பிறகும் உத்தரவு வாங்க முடியும் என்று விதி இருந்தாலும் அந்தப் போராட்டத்தை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எழுதியிருக்கும் காகிதம்தான் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கென்னடி வழக்கே சாட்சி. டூபான்ட் நிறுவன ஊழியர் வில்லியம் கென்னடி, தன் சேமிப்புத் திட்டத்துக்கு மனைவியை 1974இல் வாரிசாக எழுதி வைத்திருந்தார். 1994இல் விவாகரத்து. அவருடைய ஓய்வூதியத் திட்டங்களில் மனைவிக்கு இனி உரிமை இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதப்பட்டது. ஆனால் சேமிப்புத் திட்டத்தின் வாரிசுப் படிவத்தை அவர் மாற்றவில்லை. 2001இல் இறந்தார். நிறுவனம் படிவத்தைப் பார்த்து முன்னாள் மனைவிக்கே சுமார் 4,02,000 டாலரைக் கொடுத்தது. மகள் வழக்குப் போட்டார். நிறுவனம் செய்தது சரி என்று 2009இல் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆகவே விவாகரத்தான ஆண்களும் கேளுங்கள், வாரிசுப் படிவத்தை உடனே மாற்றுங்கள்.

ஆண்களுக்கு இந்த உத்தரவால் நேரடியான லாபமும் உண்டு. "எதற்கு இந்த வம்பு, நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்" என்று நல்ல மனதோடு ஒருவர் தன் 401கே-யிலிருந்து எடுத்தால், எடுக்க அவருக்கு அனுமதி இருந்தாலும் வருமான வரி அவர் தலையில்தான். ஐம்பத்தொன்பதரை வயது ஆகாதவராக இருந்தால் பெரும்பாலும் மேற்கொண்டு 10 சதவீத அபராதம். லட்சம் டாலர் எடுத்தால் அபராதம் மட்டும் பத்தாயிரம். குவாட்ரோ மூலம் முன்னாள் மனைவிக்குப் போனால் வரி அவளுடையது, அந்த 10 சதவீத அபராதம் யாருக்கும் இல்லை. ஆனால் அவள் அந்தப் பணத்தை ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டு அப்புறம் எடுத்தால் அபராதம் திரும்ப வந்துவிடும். ஊர் திரும்பி வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்க உடனே பணம் தேவைப்படும் பெண், எவ்வளவை நேராக எடுப்பது, எவ்வளவை மாற்றி வைப்பது என்று மாற்றுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் குடியிருப்பவர் என்றால் வரிப் பிடித்தமும் வேறு மாதிரி. இங்கேதான் அந்த இரண்டாவது வக்கீலின் கட்டணம் பல மடங்காகத் திரும்பி வருகிறது. ஓர் உத்தரவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி வாங்குகிறவர்கள் இதில் நிறைய உண்டு. பொதுவாகச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும்.

எல்லாக் கணக்குக்கும் இதே உத்தரவு என்று நினைத்துவிட வேண்டாம். ஐஆர்ஏ-வுக்கு குவாட்ரோ தேவையில்லை, விவாகரத்துத் தீர்ப்பின்படி முறையாக மாற்றிக்கொண்டால் போதும். அமெரிக்க மத்திய அரசு ஊழியர் என்றால் விதிகளே வேறு. அங்கே தனியார் திட்டத்துக்கான வாசகத்தை அப்படியே எழுதிக் கொண்டுபோனால் செல்லாது. மாநில அரசு, பள்ளி, ராணுவம் ஒவ்வொன்றுக்கும் தனி வழி. அரசாங்கத்தின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு நீதிமன்ற உத்தரவே வேண்டாம். திருமணம் பத்து ஆண்டு நீடித்திருந்தால் முன்னாள் மனைவி தகுந்த வயதில் தானே விண்ணப்பிக்கலாம், அதனால் கணவருக்கு ஒரு பைசா குறையாது. நாட்டை விட்டு வந்தவர்களுக்கு மேலும் நிபந்தனைகள் உண்டு. ஆனாலும் ஒன்பதே முக்கால் ஆண்டில் அவசரமாக விவாகரத்தை முடிப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

வக்கீலை அமர்த்தும்போது தயங்காமல் கேளுங்கள். இந்தத் திட்டத்துக்கு முன்பு உத்தரவு எழுதியிருக்கிறீர்களா? திட்டத்தின் விதிகளை எழுதி வாங்கிப் படித்துவிட்டீர்களா? நீதிபதியிடம் போவதற்கு முன் வரைவைத் திட்ட நிர்வாகத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பீர்களா? நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம் வரும் வரை கூட இருப்பீர்களா, இல்லை எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்ததா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். என் நாத்தனார் மகள் விஷயத்தில் விவாகரத்து வக்கீல் எழுதிய முதல் வரைவில் திட்டத்தின் பழைய பெயர் இருந்தது. சிறப்பு வக்கீல்தான் கண்டுபிடித்துத் திருத்தினார். லாப நஷ்ட வரியையும் அவர்தான் சேர்த்தார்.

ஏற்கெனவே இந்தியாவில் தீர்ப்பு வாங்கிவிட்டவர்களும் உடனே கைவிட வேண்டாம். நியூயார்க் மாதிரி சில மாநிலங்களின் சட்டத்தில், வெளிநாட்டில் விவாகரத்து ஆன பிறகும் சொத்தைப் பிரிக்கக் கோரி வழக்குப் போட இடமுண்டு. ஆனால் "இனி எதுவும் கோர மாட்டோம்" என்ற வாசகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவே எதிராக நிற்கும். அந்தக் காகிதத்தோடு அந்தந்த மாநில வக்கீல் ஒருவரைப் பார்ப்பதுதான் வழி.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை, கோவை, மதுரை குடும்பநல நீதிமன்றங்களில் வாதாடும் வழக்கறிஞர்கள் சிலரையும், அமெரிக்காவில் இந்த உத்தரவுகளை எழுதும் வழக்கறிஞர் ஒருவரையும் பேட்டி கண்டு ஒரு பக்கம் வெளியிடுங்கள். சம்மத மனு எழுதும்போது, "கணவன் மனைவி இருவரின் வெளிநாட்டு ஓய்வுக்காலக் கணக்குகளின் பட்டியலும் கடைசி அறிக்கையும் இணைக்கப்பட்டுள்ளன" என்ற வரியை ஒவ்வொரு வழக்கறிஞரும் சேர்க்க ஆரம்பித்தால் பல பெண்களின் வயோதிகக் காலச் சோறு கை நழுவாமல் இருக்கும். அந்தப் பேட்டிக்கு என் அனுபவம் உதவுமானால் சொல்லுங்கள், எந்த நேரமும் பேசத் தயார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி.